ஓடும் தண்ணீருக்குத் தீட்டு இல்லையா?

ஓடுகிற ஜலத்துக்குத் தீட்டு கிடையாது என்பாள் என் பாட்டி. மயிலாப்பூரின் பழைய ஆசார வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கும். குடத்துத் தண்ணீரை யாராவது தொட்டுவிட்டால் கொட்டிவிட வேண்டும். குழாயிலிருந்து விழுந்துகொண்டிருக்கும் தண்ணீரைத் தொட்டால் பாதகமில்லை. ஆற்றுக்குத் தீட்டில்லை, கடலுக்கு இல்லை, நெருப்புக்கும் இல்லை. எதைப் போட்டாலும் அவை வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொண்ட பிறகும் சுத்தமாகவே இருக்கும்.

அழகான நம்பிக்கைதான். ஆனால் நம் ஊரைக் கெடுத்த நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று என்று இப்போது நினைக்கிறேன். நினைக்க வைத்தது எந்த உபந்நியாசமும் இல்லை, பெசன்ட் நகர் பக்கம் நடந்த ஒரு பசுமைச் சந்தை.

தென்சென்னையில் இப்படிப்பட்ட சந்தைகள் இப்போது சகஜம். ஒரு வரிசையில் மரச்செக்கு எண்ணெய், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி. அடுத்த வரிசையில் பயிற்சிகள். மொட்டை மாடியில் மண்பானையில் உரம் போடுவது எப்படி, பூந்திக்கொட்டையில் பாத்திரம் தேய்ப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து மூன்று மாதம் மூடிவைத்தால் தரை துடைக்கும் திரவம் தயார். கோடியில் ஒரு சின்ன மேடை. கித்தாரும் கஞ்சிராவும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாடுகிறார்கள். பாட்டு சுமார்தான். கடற்காற்றில் மைக் கரகரத்ததால் சுமார் என்பதும் சரியாகத் தெரியவில்லை.

மேடைக்குப் பக்கத்திலேயே துணி நாப்கின் பயிற்சி. இருபத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி மேசையில் துணிகளைப் பரப்பி, எப்படி மடிப்பது, எப்படி ஊறவைப்பது, வெயிலில் ஏன் காயவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்களும் நின்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளுக்கும் கொல்லைப்புற அறை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அந்தத் துணி யார் கண்ணிலும் படாமல் மறைவில்தான் காய வேண்டும். இங்கே அதே துணி கித்தார் சத்தத்துக்கு நடுவே, பட்டப்பகலில்.

கூட்டத்தில் ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்து, "இதையெல்லாம் கையால கழுவணுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "நீங்க கழுவலேன்னா அது அங்கேயே நின்னுடாதும்மா. வேற யாரோ ஒருத்தர் கையால பிரிச்சு எடுப்பாங்க."

உபயோகித்த நாப்கினைத் தனியாகச் சுற்றித் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. அதைப் படித்தபோது வராத கூச்சம், அந்தப் பெண் சொன்னபோது வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பாட்டியின் மடி ஆசாரத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உயரமான மூங்கிலில், மடிக்கோலால் தள்ளி, ஒருவரும் தொடாதபடி உலர்த்திய ஒன்பது கஜம். எச்சில், பத்து, விழுப்பு என்று அடுக்கடுக்கான விதிகள். சாதம் தொட்ட கையால் மோர்ப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. யாரும் பார்க்காதபோதும் பாட்டி அதில் பிசகியதில்லை. மார்கழிக் குளிரில் புடவைத் தலைப்பு வாசல் கதவில் பட்டுவிட்டது என்று மறுபடி கிணற்றடிக்குப் போனவள் அவள். அந்தக் கட்டுப்பாட்டை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அத்தனை விதிகளும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதை எனக்கு முன்னால் தொட்டவர் யார்? எனக்குப் பின்னால் தொடப்போகிறவர் யார் என்று மடி ஒருநாளும் கேட்டதில்லை.

அதைக் கேட்டிருந்தால் எங்கள் வீட்டுக் கொல்லைச் சந்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்தக் காலத்து மயிலாப்பூர் வீடுகளில் எடுப்புக் கக்கூஸுக்குப் பின்பக்கம் தனி வழி உண்டு. விடியற்காலையில் ஒரு பெண் அந்தச் சந்து வழியாக வருவாள், வேலையை முடிப்பாள், போவாள். அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை. பார்த்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன். வீடு சுத்தமாக இருந்தது அவளால். வீட்டுக்குள் வரமுடியாமல் அவள் இருந்ததும் அதே காரணத்தால். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் இன்னொன்றும் வந்தன. இன்றும் சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள் மூச்சு முட்டிச் சாகிறார்கள்.

மடி என்பது விஞ்ஞானம், அந்தக் காலத்துச் சுகாதாரம் என்று சிலர் சொல்வார்கள். கொரோனா சமயத்தில் வாட்ஸ்அப்பில் இந்தப் பெருமை வெள்ளமாக ஓடியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிருமிக்கு அஞ்சிய ஏற்பாடாக இருந்தால், கிருமியோடு நாள் முழுக்கப் புழங்கியவளுக்கு முதலில் வெந்நீரும் சோப்பும் கொடுத்திருப்பார்கள். அவளுக்குக் கொடுத்தது மேலேயிருந்து கையில் படாமல் போட்ட காசு.

தூய்மை என்றால் என்ன என்ற கேள்வியைப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் கேட்பது பொருத்தம். ஊரூர், ஆல்காட் குப்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆல்காட் என்ற பெயர் அமெரிக்கரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டுடையது. 1882இல் தியாசாபிகல் சொசைட்டியை அடையாற்றில் கொண்டுவந்து நிறுவியவர். 1894இல் அந்தப் பகுதித் தீண்டப்படாத குழந்தைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1898இல், தீண்டாமையை எதிர்த்த அயோத்திதாச பண்டிதரோடு இலங்கைக்குப் போய் வந்தவரும் அவரே. அங்கிருந்து திரும்பியதும் பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தீட்டை மறுப்பதற்கு மதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது பண்டிதருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும்.

அந்தக் குப்பத்தில் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு விழா நடந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழா என்று தொடங்கினார்கள். பின்னால் அது சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது. பறையாட்டமும் கர்நாடக சங்கீதமும் கூத்தும் பரதமும் ஒரே விழாவில். சபாக்களில் மார்கழி முழுக்கக் கச்சேரி கேட்ட பழக்கத்தில் நானும் போனேன். கருவாட்டு வாசனை, பிள்ளைகளின் ஓட்டம், ஜெனரேட்டர் சத்தம். ஆலாபனைக்கு நடுவே அலை. படகின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தேன். என் பட்டுப் புடவையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாட்டு கேக்க வந்தீங்களாம்மா, இல்ல குப்பத்தைப் பாக்க வந்தீங்களா?"

நல்ல கேள்வி. ரெண்டும்தான் என்றேன். "அப்ப சரி" என்று கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்.

பிறகு அவரே பேசினார். கோடைக் கச்சானும் மழைக்கால வாடையும் எப்படி மாறுகின்றன, கழிமுகத்தில் மீன் எப்படிக் குறைந்தது, வலையில் மீனைவிடப் பிளாஸ்டிக் கவர் எப்படி அதிகம் சிக்குகிறது என்றெல்லாம். அடையாறு கடலில் கலக்கும் இடம் அங்கிருந்து நடக்கிற தூரம். 1977 வெள்ளத்தில் உடைந்த பாலம் இன்னும் அப்படியே நிற்கிறதே, அதன் பக்கம். ஆறு கொண்டுவருவது மயிலாப்பூர், கோட்டூர்புரம், சைதாப்பேட்டையின் கழிவு. "நீங்க அங்க விடறது எங்களுக்கு வலையில வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னார். ஓடும் தண்ணீருக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று அந்த அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் ஓடி நிற்கும் இடத்தில் வசிப்பவர் அவர்தானே.

சங்கீதம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். முன்னால் தொட்டவர் யார் என்று மடி எப்போதும் கேட்டது என்றேன். ஒரு விஷயத்தில் கேட்கவே இல்லை. மிருதங்கம் மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல்வாரால் ஆனது. செத்த மாட்டின் தோலை உரித்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். பறையும் தோல்தான். ஒன்று பூஜை அறைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது, இன்னொன்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரிக்குப் போனது. ஆக, தீட்டுக்கும் தோலுக்கும் சம்பந்தமில்லை. நமக்கு வேண்டிய பொருளென்றால் தீட்டை மறந்துவிடலாம். அதைச் செய்த மனிதர்களை மட்டும் மறக்காமல் தள்ளிவைக்கலாம். ஒரே விழாவில் பறையும் மிருதங்கமும் ஒலித்தபோது எனக்கு இந்தப் பழைய பொய் காதில் கேட்டது.

பாட்டிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவள் வெளியே எறிந்தவை வாழையிலை, அடுப்புச் சாம்பல், புளிச் சக்கை, கழுநீர். இலையை மாடு தின்றது, சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போனது, கழுநீரும் மாட்டுக்கே. அவள் கொட்டிய எதுவும் நாலு நாளுக்கு மேல் உலகத்தில் தங்கவில்லை. அந்த அளவுக்கு ஆறும் கடலும் உண்மையாகவே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டன. ஆகவே ஓடும் தண்ணீருக்குத் தீட்டில்லை என்ற சட்டம் அவள் வீட்டுக் குப்பைக்குச் சரி. கொல்லைச் சந்துக்கு அப்போதும் சரியில்லை.

நாங்கள், அவள் பேத்திகள், என்ன செய்தோம்? மடியின் உழைப்பை விட்டுவிட்டோம். கிணற்றடி இல்லை, மடிக்கோல் இல்லை. ஆனால் அழுக்கை வாசலுக்கு வெளியே தள்ளினால் அது இல்லாமல் போய்விடும் என்ற நினைப்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக்குப் போனது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மலையாகக் குவிந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் அந்த மலை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. அதே வருஷம்தான் அந்தச் சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நீர்ப்பறவைகளுக்காக உலகமே மதிக்கும் இடத்தின் விளிம்பில் நம் வீட்டு டயப்பர் புகைந்தது. நெருப்புக்கும் தீட்டில்லைதான், அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இருமல் இருந்தது.

மின்சாரமும் இதே கதை. மயிலாப்பூரில் ஏசி ஓடுகிறது, அனல்மின் நிலையத்துச் சாம்பல் எண்ணூரில் விழுகிறது. 2017 ஜனவரியில் வந்த சென்னை புறம்போக்குப் பாடல் இதைத்தான் பாடியது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா ஆனந்தபைரவியில் தொடங்கிப் பாட, ரதீந்திரன் பிரசாத் எண்ணூர்க் கழிமுகத்தில் படமெடுத்தார். கீர்த்தனை பாடும் குரல், பின்னால் புகைபோக்கி. பேச்சுத் தமிழில் கர்நாடக இசையா என்று சிலர் அப்போது சண்டைக்கு வந்தார்கள். சாம்பலைப் பற்றிச் சண்டைக்கு வந்தவர் குறைவு.

ஓடும் தண்ணீர் ஒருமுறை திரும்பி ஓடியதையும் பார்த்தோம். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரையேறியது. கோட்டூர்புரத்தில் என் தங்கை வீட்டுத் தரைத்தளத்தில், பூஜை அலமாரி வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு அந்த அலமாரியில் என்ன படிந்திருந்தது என்று எழுதக் கை வரவில்லை. நாம் பல வருஷம் அனுப்பியது மொத்தமாக வீட்டுக்கு வந்திருந்தது. அப்போதும் நாம் அள்ளவில்லை. மற்ற மாவட்டங்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து அள்ளவைத்தோம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுவாரம் பட்டினப்பாக்கம் போய்ப் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திட்டவட்டமாகச் சொன்னது. மண் பிள்ளையார் செய்யும் பயிற்சி இப்போது எல்லாப் பசுமைச் சந்தையிலும் உண்டு, குழந்தைகள் ஆசையாகச் செய்கிறார்கள். என்றாலும் கரைத்த மறுநாள் தும்பிக்கையும் மரச்சட்டமும் கரையில் ஒதுங்கத்தான் செய்கின்றன. கடல் வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பசுமைச் சந்தையைக் கோயிலாக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் ஒரு புது மடி முளைத்துக்கொண்டிருக்கிறது. எவர்சில்வர் பாட்டில், துணிப்பை, கைத்தறிச் சட்டை. இவை இருந்தால் உள்ளே, பிளாஸ்டிக் கவரோடு வந்தால் ஒரு பார்வை. சந்தை வாசலில் மல்லிகைப் பூவைக் கவரில் போட்டுக் கொடுத்த பூக்காரம்மாவை ஒரு இளைஞர் நின்று கண்டித்ததைப் பார்த்தேன். அவர் வந்திறங்கிய கார் அங்கேயே ஏசியோடு உறுமிக்கொண்டிருந்தது. பூக்காரம்மாவின் ஒரு நாள் குப்பை அந்தக் காரின் ஒரு பயணத்துக்கு ஈடாகுமா? முன்னால் தொட்டவர் யார் என்ற பழைய பார்வைதான் இது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், குப்பையை இனி மக்கும், மக்காத என்று பிரிப்போம் என்று உற்சாகமாகச் சொன்னேன். "பிரிங்கம்மா, நல்லதுதான். என்னிக்காவது நாலு தெரு வண்டியோட போய்ப் பாருங்க, பிரிச்சது எங்க போய்ச் சேருதுன்னு" என்றார். அவருடைய அக்கா மகன் குப்பை வண்டி வேலையில் இருக்கிறான். அவருக்கு இது பயிற்சி வகுப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் மதம் எதற்கு, பொதுப்புத்தி போதாதா என்று என் சிநேகிதி கேட்கிறாள். வங்கியில் என்னோடு வேலை பார்த்தவள், கறாரான நாத்திகவாதி. போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பொதுப்புத்தி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் போகும். நம் தெரு, நம் அடுக்ககம். பெருங்குடியில் என் குப்பையைப் பிரிக்கப்போகும் கையை நான் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. பார்க்காத ஒருவரை மனத்தில் வைத்து, யாரும் கவனிக்காத சமையலறையில், ஒரு வேலையைப் பிசகாமல் செய்வதற்குப் பாட்டியிடம் இருந்த மாதிரி ஒரு பயபக்தி வேண்டும். அதன் கேள்வியை மட்டும் திருப்பிப் போட வேண்டும்.

இப்படித் திருப்பிப் போடுவதற்கு முன்னுதாரணம் தேடி மயிலாப்பூருக்கு வெளியே போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கோயிலின் சிவன், கபாலி, கையில் வைத்திருப்பது மண்டையோடு. சுடுகாட்டுச் சாம்பலைப் பூசிக்கொண்டு பிச்சை எடுக்கிறவன் அவன். எந்த ஆசார வீட்டிலும் அவனைத் திண்ணை தாண்ட விட்டிருக்கமாட்டார்கள். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தைக் கோயில் முன்னால் கொண்டுவரச் சொன்னார் சம்பந்தர். மட்டிட்ட புன்னை என்று தொடங்கும் அந்தப் பதிகத்தில் இந்த ஊரின் திருவிழாக்களைப் பட்டியலிட்டு அவளை அழைத்தார். மாசிக் கடலாட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. எலும்புக் குடத்தைப் பார்த்து அந்தப் பிராமணப் பிள்ளை ஒதுங்கவில்லை.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உற்சவத்தில், மாட வீதியில் பல்லக்குகளில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். மீன்பிடித்த அதிபத்தர். அடியார்களின் அழுக்குத் துணியை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர். வாயில் நீரைக் கொண்டுவந்து உமிழ்ந்து அபிஷேகம் செய்த கண்ணப்பர். மடி விதிகளில் ஒன்றிலாவது இவர்கள் தேறியிருப்பார்களா? இருந்தும் லட்சம் பேர் நின்று கும்பிடுகிறோம்.

அன்றைக்கு மாட வீதி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். நீர்மோர், பானகம், புளியோதரை. ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்ததால் பாக்குமட்டையும் காகிதக் குவளையும் வந்துவிட்டன. காகிதக் குவளையின் உட்பக்கத்திலும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. சாமி நிலைக்குத் திரும்பிய பிறகு கணுக்கால் ஆழக் குப்பை. அதை விடிவதற்குள் அள்ளுகிறவர்களுக்கு யாரும் நீர்மோர் கொடுத்து நான் பார்க்கவில்லை.

தானம் கொடுத்தவருக்குப் புண்ணியம் என்கிறது சாஸ்திரம். குடித்துவிட்டுப் போட்ட குவளை கிடக்கும்வரை அந்தத் தானம் முடியவில்லை என்பது என் கட்சி. பந்தல் போடும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் பங்குனியில் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். பக்கத்தில் இரண்டு அண்டாவில் தண்ணீரும் தேங்காய்நாரும் வையுங்கள். எச்சில் டம்ளரைக் கழுவக் கூலிக்கு ஆள் வைக்காமல் உங்கள் வீட்டிலிருந்தே ஆட்களைக் கூட்டி வாருங்கள். இரண்டு மணிநேரத்துக்கு நான் வருகிறேன்.